நான்கு மணிக்கு மூன்று பீப்

பிப்ரவரி 22, ஞாயிறு

காலையில் மூட்டம். பத்து மணிக்கு விலகியது. களத்தில் மிளகு, மூன்றாம் நாள் வெயில். காபிச் செடிக்கு மழை வேண்டும், களத்து மிளகுக்கு வேண்டாம். சாமியிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் பொதுவாகக் கும்பிட்டு வைத்தேன்.

கௌசி மத்தியானப் பஸ்ஸில் சேலம் போய்விட்டாள். இன்ஜினியரிங் கடைசி வருஷம், ஹாஸ்டல். போகும்போது என் மழை மெஷினையும் கழற்றிக்கொண்டு போனாள்.

"நல்ல டப்பாவா போட்டு எடுத்தாறனுங்கப்பா. ஐஸ்க்ரீம் டப்பாவுல கெடந்தா ஆரு மதிப்பாங்க?"

போனவை:
போர்டு 1, பிஸ்கட் அளவு.
மழைத் தகடு 1. துளி விழுந்தால் போர்டுக்குச் சொல்லும்.
கடிகாரச் சில்லு, பொட்டு அளவு பேட்டரியோடு.
பீப் அடிக்கும் பஸ்ஸர்.
சைரன், அதைத் தட்டிவிடும் ரிலே.
ஐஸ்க்ரீம் டப்பா (வெனிலா) போகவில்லை. அதற்கு மதிப்பில்லையாம். என்னோடு இருக்கிறது.

ஒன்றரை வருஷ வேலை, ஒரு துணிப்பையில் அடங்கிவிட்டது. பஸ் ஏறும்போது பையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மேலே தட்டில் வைத்திருப்பாள்.

சாயந்திரம் நான்கு மணி. பீப் இல்லை. வீட்டுக்காரி சரோஜா மாத்திரை போட மறந்து மாட்டைக் கட்டப் போய்விட்டாள். ஆறு மணிக்குத் தலை சுற்றுகிறது என்றாள். அந்த மூன்று பீப்பை நான்தான் எழுதி வைத்தேன், அவள் பிரஷர் மாத்திரைக்காக. மழைக்குச் செய்த மெஷின், இந்த வீட்டில் தினமும் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

பிப்ரவரி 24, செவ்வாய்

வெயில். மிளகு கிளறினேன், நான்கு தடவை. மெஷின் இல்லாததால் நானே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கழுத்து வலி.

எழுத ஒன்றுமில்லை. அதனால் இந்த நோட்டின் பின்பக்கங்களைப் புரட்டினேன். அங்கேதான் புரோகிராம் முழுக்க முதலில் பேனாவால் எழுதினேன். பத்தாம் வகுப்பில் கணக்கு முப்பத்தைந்து. அந்த முப்பத்தைந்தும் வாத்தியாரின் இரக்கம். அப்படிப்பட்டவன் கையில் கௌசி அந்தப் போர்டைக் கொடுத்தது இரண்டாம் வருஷ லீவில். "எனக்கு இது வரவே மாட்டேங்குதுங்கப்பா. நீங்க வெச்சு வெளயாடுங்க." பழைய லேப்டாப்பிலிருந்து போர்டில் மைக்ரோபைத்தான் என்கிற புரோகிராம் மொழியை ஏற்றி, ஒரு விளக்கை மினுக்கிக் காட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

எனக்கு அந்த மூன்று அம்புக்குறி பிடித்துப்போனது. என் வரிக்காகத் திரையில் காத்து நிற்கும். ஒரு வரி அடித்தால் உடனே பதில். தப்பென்றால் எந்த வரியில் தப்பு என்று சொல்லும். இந்த வீட்டில் கேட்டதும் பதில் சொன்ன முதல் ஆள். அதுவும் திட்டாமல்.

வரிக்கு முன்னால் இடம் விடுவதில் நான் பட்ட பாடு. நான்கு இடம் விட வேண்டிய இடத்தில் மூன்று விட்டால் ஓடாது. சரோஜா எட்டிப் பார்த்து, "ஒண்ணுமில்லாத எடத்துக்குப் போயி ஒரு நாளு முழுக்க ஒக்காந்திருக்கீங்களே" என்றாள். உண்மைதான்.

பின்பக்கத்தில் முதல் வரி, ஹேஷ் குறி போட்டு: "எழுதியது அப்பா. பொறுத்தது அம்மா. சிரித்தது கௌசி." ஹேஷ் போட்ட வரியை மெஷின் படிக்காது. மனுஷர்கள் படிக்கத்தான் அது. போர்டிலும் அதே வரி, அப்படியே. கேபிள் சொருகினால் யாரும் திறந்து பார்க்கலாம். பூட்டு கிடையாது.

பிப்ரவரி 26, வியாழன்

மூட்டம். மிளகு மூடியே கிடந்தது.

கௌசி போனில் ஒரு ஃபைல் அனுப்பினாள். "38ஆம் பக்கம் மட்டும் பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, போட்டோ புடிச்சு அனுப்புங்கப்பா. அவசரம்." ஏற்காடு போனேன். கடைத்தெருவில் தேவராஜ் கடை. செல்போன் ரிப்பேர், ஜெராக்ஸ். என் மெஷினுக்கு ஈயம் பற்ற வைத்துக் கொடுத்ததெல்லாம் அவன்தான்.

தேவராஜ் பேச்சு சுவாரஸ்யத்தில் மொத்தத்தையும் அடித்துவிட்டான். நாற்பத்திரண்டு பக்கம். நான் 38ஐ உருவி, கண்ணாடிப் பெட்டி மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். பெரிதாக, கோடு இழுத்து. மெஷினுக்கு ஏதோ சான்றிதழ் வாங்குகிறாள் என்று நினைப்பு. போட்டோ பிடித்து அனுப்பியும் ஆயிற்று.

அப்புறம்தான் தேவராஜ் அந்த இங்கிலீஷைப் படித்தான்.

"ஏனுங்ணா, இதுல என்ன எழுதியிருக்குதுன்னு தெரியுமா?"

"சொல்லு."

"'நான் ஒரு விவசாயி. அதிகம் படிக்காதவன். செல்வி கௌசல்யா தானே வடிவமைத்துத் தானே எழுதிய மழை எச்சரிக்கைக் கருவியை என் களத்தில் வைத்துக் கொடுத்தார். எனக்கு நொம்பப் பயனாக இருக்கிறது.' நொம்பங்கறது நான் சேத்தது. மத்ததெல்லாம் அதுலயே இருக்குது."

"திரும்பப் படி."

திரும்பப் படித்தான். அதேதான்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ்: இஃப், எல்ஸ், வைல், ஸ்லீப். அந்தக் கடிதத்தில் ஒன்றுகூட இல்லை.

அது கௌசியின் கடைசி வருஷப் புராஜெக்ட் ரிப்போர்ட்டாம். மற்ற பக்கங்களையும் பார்த்தோம். ஒரு போட்டோவில் நான், களத்தில், மெஷின் பக்கத்தில், லுங்கியோடு. கீழே 'பயனாளி'. கடைசிப் பக்கங்களில் புரோகிராம். என்னுடையதுதான், இடம் விட்டதுகூட மாறவில்லை. முதல் வரி மட்டும் இல்லை. ஹேஷ் போட்ட வரி ஒன்றுவிடாமல் எடுத்திருக்கிறாள். நான்கு மணி பீப் இருந்தது. அதற்கு இங்கிலீஷில் ஒரு விளக்கம். தேவராஜ் சொன்னான்: "மெஷினு தன்னைத்தானே சரிபார்த்துக்கற சத்தமாமா."

"உங்க புள்ள கெட்டிக்காரிங்ணா."

"என்னைவிட."

டீ வாங்கிக் கொடுத்தான். இனிப்பே தெரியவில்லை. சர்க்கரை போட்டிருந்தான், கேட்டேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

வெயில். மாட்டுக்கு இருமல், மஞ்சள் கொடுத்தேன்.

சரோஜாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "கௌசி அந்த மெஷினை..." அவள் அரிசி களைவதை நிறுத்தவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியுமா?"

"தீவாளிக்கே சொல்லுச்சுங்க. பரீட்ச முடியற வரைக்கும் அப்பாகிட்டச் சொல்லாதீங்கம்மான்னு."

"எட்டணா விஷயத்தக்கூட எங்கிட்ட மறைக்காதவ நீ."

"அதுக்கு வேற ஒண்ணும் வரலீங்களாமா. தேதி கிட்ட வந்துருச்சு, அழுதுச்சு. நீங்க என்ன, மார்க்கு வாங்கி வேலைக்குப் போவப் போறீங்களா?"

போவதில்லைதான்.

"எங்கிட்டக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே புள்ள."

"அதான், குடுத்துட்டீங்கன்னு நெனச்சுக்கோங்க."

தீபாவளியிலிருந்து கணக்குப் போட்டால், நான் களத்தில் உட்கார்ந்து சோதித்த ஒவ்வொரு ஞாயிறும் கௌசி ஊருக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டாளே. "இது எதுக்குங்கப்பா? இது எப்படிங்கப்பா?" மகளுக்கு ஆசை வந்துவிட்டது என்று நான் பூரித்து, இரண்டு தடவை சொன்னதை நான்கு தடவை சொன்னேன். பக்கத்து வீட்டில் பெருமை வேறு.

மார்ச் 1, ஞாயிறு

கௌசி வரவில்லை. போன் வந்தது. வியாழக்கிழமை புராஜெக்ட் ரிவ்யூவாம். பயனாளியைக் கூட்டிவந்தால் சார்களுக்குப் பிடிக்குமாம்.

"வெள்ளச் சட்ட போட்டுட்டு வாங்கப்பா. ஏதாச்சும் கேட்டா, நல்லா வேல செய்யுதுன்னு மட்டும் சொல்லுங்க. போதும்."

"சரி அம்மிணி."

"பேப்பர் படிச்சீங்களாப்பா?"

"எனக்கு எங்க இங்கிலீஷு."

"செரிங்கப்பா" என்று வைத்துவிட்டாள்.

என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. உள்ள வழிகள்:
போகாமல் இருக்கலாம். (மாட்டுக்கு இருமல்.)
போய், உண்மையைச் சொல்லலாம். இந்த நோட்டைக் காட்டினால் போதும். பேனா எழுத்து, அடித்தல் திருத்தல், காபிக் கறை.
போய், வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கலாம்.

உண்மையைச் சொன்னால் அவள் கதி? வருஷம் போய்விடும் என்கிறான் தேவராஜ். சொல்லாவிட்டால் என் கதி? அதற்கு ஒன்றும் ஆகாது. நேற்று இருந்தது போலத்தான் இருப்பேன். அதுதான் பிரச்சினை.

மார்ச் 5, வியாழன்

நல்ல வெயில். எங்கள் ஊர் மாரமங்கலத்திலிருந்து முதல் பஸ், அப்புறம் ஏற்காட்டில் மாறி, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம். வெள்ளைச் சட்டை. மஞ்சள் பையில் இந்த நோட்டு. எதற்கு எடுத்து வைத்தேன் என்று சரோஜா கேட்கவில்லை. பார்த்தாள்.

மூன்றாம் மாடி. வரிசையாக மேஜை, மேஜைக்கொரு மெஷின். காலையிலேயே கூப்பிடுவதாகச் சொன்னது, மூன்றரை மணி ஆகிவிட்டது. கௌசி யாருடையதோ பட்டுச் சேலையில். கண்ணாடி மாதிரி டப்பாவுக்குள் என் போர்டு. மேலே அவள் பெயர், நம்பர். டப்பா நன்றாகத்தான் இருந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு சார், வயசானவர். ஒரு மேடம், சின்ன வயசு. எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். பை மடியில்.

கௌசி தகட்டில் தண்ணீர் தெளித்தாள். அரை நிமிஷத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. மேடம் முகம் மாறியது. கௌசி உதட்டைக் கடித்தாள். எனக்குத் தெரியும், வரும். வந்தது, சைரன். பக்கத்து மேஜைப் பையன் காதைப் பொத்திக்கொண்டான்.

சார் கேட்டார். "ஏம்மா, இவ்ளோ லேட்டா? ஒடனே அடிக்க வேண்டியதுதானே?"

"மலையில மூட்டம் பட்டே தகடு நனைஞ்சிரும் சார். அதுக்கெல்லாம் அடிச்சா யாரும் நம்ப மாட்டாங்க. அதனால இடைவெளி விட்டு அஞ்சு ரீடிங் எடுத்து, வரிசப்படுத்தி, நடுவுல இருக்கறத மட்டும் எடுத்துக்கறோம். மீடியன் ஃபில்டர்."

ஓ, அதற்கு அப்படி ஒரு பெயர் இருக்கிறதா.

"நல்ல ஐடியா. எங்க புடிச்ச?"

கௌசி சுவரைப் பார்த்தாள்.

"ஒரு ரிசர்ச் பேப்பர்ல படிச்சேன் சார்."

எழுதுகிறபோதும் கை நிற்கிறது. கடிதத்தில் எழுதியது கல்லூரிக்காரர்கள் கேட்ட படிவம் என்று மனதைச் சமாதானம் செய்து வைத்திருந்தேன். இது அப்படியில்லை. களத்தில் ஐந்து இடத்தில் கைவிட்டு அள்ளி, ஒவ்வொன்றிலும் ஒரு மிளகைக் கடித்துப் பார்ப்பேன். ஒன்று டக்கென்று உடையும், ஒன்று சவசவ என்று இருக்கும். அந்த இரண்டையும் நம்பக் கூடாது. நடுவில் இருப்பதை நம்பி மூட்டை கட்டணும். நான் கடிக்கும்போது பக்கத்தில் நின்று, தானும் ஒன்றைக் கடித்துக் காரத்தில் குதித்தவள் இவள்தான். பேப்பர்!

பை மேல் கை போனது. நோட்டின் அட்டை விரலில் தட்டுப்பட்டது. எடுத்தால் அரை நிமிஷம்.

சுவர்க் கடிகாரம் மூன்று ஐம்பத்தெட்டு. அப்போதுதான் உறைத்தது. அந்த நான்கு மணி வரியை இவள் எடுக்கவில்லையே.

சார் ஏதோ பேட்டரி பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முள்ளையே பார்த்தேன்.

பீப். பீப். பீப்.

வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. ஒன்றரை வருஷப் பழக்கம். நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன்.

"சரோசா, மாத்தர!"

மூன்றாம் மாடி முழுக்கச் சிரிப்பு.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "இது செல்ஃப் டெஸ்ட்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கே?" என்று கௌசியைப் பார்த்தார். கௌசி அவசரமாக ரிப்போர்ட்டைப் புரட்டினாள். மேடம் என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, இந்தச் சத்தம் எதுக்குங்க?"

"எங்க ஊட்டுக்காரிக்கு பிரஷர் மாத்தரைங்க மேடம். நாலு மணிக்குப் போடோணும். மறந்துருவா."

"இதை யாரு மெஷின்ல வெச்சது?"

கௌசி குனிந்து கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வயசில் என் ரேடியோவைத் தண்ணீரில் போட்ட அன்றைக்கும் அந்த விரலைத்தான் பார்த்தாள்.

"நான் கேட்டனுங்க மேடம். புள்ள எழுதிக் குடுத்துச்சு."

மேடம் சார் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா சார், யூசர் வீட்டுல என்ன தேவைன்னு கேட்டுப் பண்ணியிருக்காங்க. இதைப் போயி செல்ஃப் டெஸ்ட்னு அடக்கமா எழுதியிருக்காங்க." இருவரும் ஏதோ எழுதிக்கொண்டார்கள். என் பொய்க்கு மார்க்.

பைக்குள் நோட்டு அப்படியே.

வெளியே வந்ததும் கௌசி, "டீ குடிக்கறீங்களாப்பா?" என்றாள். நான் வேறு வார்த்தை எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு அம்மிணி."

"மெஷின ஷோகேஸ்ல வெக்கறாங்களாமா. மே மாசந்தான் தருவாங்க."

"வெக்கட்டும்."

"கோவமாப்பா?"

"இல்ல சாமி."

ஒரே நாளில் இரண்டு பொய். இரண்டாவது கொஞ்சம் கஷ்டமாக வந்தது.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம். சின்ன வயசில் பிடிக்காத சோற்றை என் தட்டில் தள்ளிவிடுவாள். நான் சாப்பிடுவேன். இப்போது என் தட்டையே எடுத்துக்கொண்டாள், நான் இன்னும் கை கழுவவில்லை. பதினாறாம் வளைவில் முன்சீட்டுப் பெண் வாந்தி. ஜன்னல் ஓர இடத்தை அவளுக்குக் கொடுத்தேன்.

சரோஜா கேட்டாள். "சொல்லிட்டீங்களா?"

"என்னத்தை?"

"செரி. சாப்பிடுங்க."

மார்ச் 7, சனி

காலை வெயில் பளிச்சென்று. மிளகு கடைசிக் காய்ச்சல், இன்று மூட்டை கட்டலாம் என்று இருந்தேன்.

இரண்டு மணிக்கு மழை. கோடையின் முதல் மழை, சொல்லாமல் கொள்ளாமல். சைரன் இல்லை. நான் கட்டிலில். சரோஜாவின் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். தார்ப்பாயை இரண்டு பேரும் ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்தோம். அவள் கிழக்கே இழுக்க, நான் மேற்கே இழுக்க, தார்ப்பாய் நடுவிலேயே நின்றது. மேல்மூலை மிளகு நனைந்துவிட்டது. மறுபடியும் நான்கு நாள் வெயில் வேண்டும். காபிச் செடிக்குக் கொண்டாட்டம், பத்து நாளில் காடு வெள்ளையாகப் பூக்கும். அதற்காவது மகிழ்ச்சி அடையலாம் என்று முயற்சி செய்தேன்.

நனைந்த துணியோடு உட்கார்ந்திருக்கும்போது போன். மூன்று நாற்பது. கௌசி.

"அப்பா, மேடம் இதைப் பெரிய போட்டிக்கு அனுப்பச் சொல்றாங்க. நாளைக்குள்ள எழுதித் தரோணும். ஏன் அஞ்சு ரீடிங், ஏன் மூணு இல்ல? ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஏன் எட்டு செகண்டு? நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

பேனா மூடியைப் பல்லால் கழற்றும் சத்தம் கேட்டது.

பதில் எனக்குத் தெரியும். ஐந்து, ஏனென்றால் களத்துக்கு நான்கு மூலையும் ஒரு நடுவும். எட்டு செகண்ட், ஏனென்றால் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு மிளகை மிதிக்காமல் நான் நடக்கும் நேரம். அவ்வளவுதான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அப்பா? இருக்கீங்களா?"

"இங்க மழை அம்மிணி."

"அய்யோ. மொளகு?"

"நனைஞ்சிருச்சு."

"செரிங்கப்பா. அது... அந்த எட்டு செகண்டு?"

"ரிசர்ச் பேப்பர்ல பாரு அம்மிணி."

நான் வைத்துவிட்டேன். கோபமாக வைக்கவில்லை. பட்டனை மெதுவாகத்தான் அழுத்தினேன்.

நான்கு மணி ஆயிற்று. சரோஜா வாசலில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தாள். நான் வாயாலேயே அடித்தேன். பீப். பீப். பீப். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே போய் மாத்திரை போட்டுக்கொண்டாள்.

"ஆரு போனுல?"

"உம் மக."

"சொல்லிக் குடுத்திருக்கலாமில்லீங்க."

போன் மறுபடியும் அடிக்கிறது. கௌசி. எடுக்கவில்லை. நின்றுவிட்டது.

மறுபடியும். ஒரு அழைப்பை நம்ப முடியாது. இரண்டை வைத்தும் நம்ப முடியாது. ஐந்து தடவை அடித்தால் எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

மூன்று.

நான்கு.